பழந்துவக்கும் சிற்றுளியும்

பழம்பொருளைப் பேணுதல் வேறு. அதனைப் புதிதாக்குதல் வேறு. இவ்விரண்டனையும் ஒன்றெனக் கொண்டமையால், பகைவர் கைக்குத் தப்பிய பொருள்கள் பல அன்பர் கையில் அழிந்தொழிந்தன. தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில், கருங்கற் சுவரில் ஏறியிருந்த சுண்ணத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அகற்றும்பொருட்டு, மணலை விசையுடன் வீசித் தேய்க்கும் முறை கையாளப்பட்டது. சுவர் தூயதாயிற்று, ஆனால் அச்சுவரிலிருந்த கல்வெட்டெழுத்துக்களும் சிற்பங்களின் நுண்ணிய வரைகளும் மழுங்கின. தீங்கு உணரப்பட்ட பின்னரே அம்முறை விலக்கப்பட்டது. அதனைச் செய்தவர் கோயிலுக்குத் தீங்கு கருதியவர் அல்லர் என்பதே இங்குக் கருதற்பாலது.

கல்லுக்கு நேர்ந்த கதி இரும்புக்கும் நேர்வதுண்டு. நூறாண்டு கடந்த துவக்கு ஒன்றை வீட்டிலிருந்தபடியே செப்பஞ்செய்து, அதன் உலோகப் பாகங்களிற் சித்திரம் பொறித்து அழகு செய்யும் கலை மேனாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், பலரால் ஆர்வத்துடன் பயிலப்படுகிறது. நெம்பினால் இயங்கும் பழைய துவக்குகளே அக்கலைக்குப் பெரிதும் இலக்காவன. அதன் நெறிகளை ஆராயுமிடத்து, அவை துவக்குக்கு மட்டுமன்றி, குத்துவிளக்கு முதல் கோயில் வாகனம் வரை பழைய உலோகப்பொருளைப் பேணும் எவர்க்கும் பயன்படுவன என்பது புலனாகும்.

1983 முதல் 2009 வரை நிகழ்ந்த போரின் வடுவைத் தாங்கிய நாட்டிலே, கொலைக்கருவியைப் பேணும் கலை எற்றுக்கு என்ற வினா எழுதல் இயல்பே. அவ்வினாவிற்குரிய விடை, கண்டியிலிருந்து கடல் கடந்து சென்று மீண்ட ஒரு பீரங்கியின் வரலாற்றில் உள்ளது. அதனை இறுதியிற் காண்க.

சொல்லும் மண்ணும்

தமிழ்நாட்டார் 'துப்பாக்கி' என்பதனை ஈழத்துத் தமிழர் 'துவக்கு' என்பர். சிங்கள மொழியிலும் அதன் பெயர் 'துவக்குவ' என்பதே. இவை யாவும் 'துஃபெக்' என்னுந் துருக்கிச் சொல்லின் வழிவந்தவை. கருவி எந்நாட்டிலிருந்து எவ்வழியாகப் பரவிற்று என்பதற்குச் சொல்லே சான்றாக நிற்கின்றது.

நல்லூர் இக்கருவியை இன்முகத்துடன் அறிந்த ஊரன்று. 1560 இல் கொன்ஸ்தந்தீனோ த பிறகன்சாவின் படையும், 1591 இல் அந்திரே பூர்த்தாடோ த மென்டொன்சாவின் படையும் நல்லூரின்மேல் வந்தன. இரண்டாவது படையெடுப்பிற் புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். 1619 இல் பிலிப் த ஒலிவேறா யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினான். 1621 இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தழித்தான். வெடிமருந்துப் படைக்கலமே அந்நூற்றாண்டின் அரசுகளை ஆக்கவும் அழிக்கவும் வல்லதாயிருந்தது.

அக்காலத்து நல்லூரைப் பற்றி இன்று அறிய முயல்வார்க்கு எதிர்ப்படும் இடர்ப்பாடு ஒன்றுண்டு. மந்திரிமனை, சங்கிலியன் தோப்பு முதலியன யாழ்ப்பாண அரசரின் பெயருடன் இணைத்து வழங்கப்படுகின்றன. ஆயினும் மந்திரிமனையின் தோற்றத்தில் ஐரோப்பியப் பாணிக் கூறுகள் தெளிவாக உள்ளன. எப்பகுதி எக்காலத்தது, எதனை எவர் புதுக்கினார் என்பது வாதத்துக்கு இடமாகவே உள்ளது. புதுக்கியவர் தாம் தொட்ட இடத்தைக் குறித்து வைத்திருப்பின் அவ்வாதம் எழாது. பொருள் எஞ்சினும் அதன் குறி எஞ்சாவிடின் வரலாறு ஊமையாகும் என்பதற்கு இதனினும் அண்மையான எடுத்துக்காட்டு வேண்டா.

ஈழத்துக் கம்மியர்

துவக்கை அழகு செய்யுங் கலை ஈழத்துக்குப் புதியதன்று. போர்த்துக்கேயர் வந்து நூறாண்டு நிறைவதற்குள், இத்தீவின் கம்மியர் அயலாரிடம் கற்ற தொழிலில் அவர்களே வியக்குமளவு தேர்ச்சி எய்தினர். ஒல்லாந்த நாட்டவரான லின்ஸ்கோட்டன் என்பவர், 1596 இல் வெளியான தமது பயணநூலில், இலங்கையில் ஆக்கப்படும் துவக்குக் குழல்களை வேறெங்கும் காணற்கரியனவென்றும், வெள்ளிபோல ஒளிர்வனவென்றும் புகழ்ந்துள்ளார்.

சிங்களத் துவக்கின் அமைப்பிற் சில தனித்தன்மைகள் உள. ஏனைய நாடுகளில் துவக்கின் வலப்புறத்தே பொருத்தப்படும் தீத்தட்டும் பொறி, இங்கு இடப்புறத்தே பொருத்தப்பட்டது. தோளிற் பதியும் மரத்தண்டின் அடி, இரண்டாகப் பிளந்து சுருண்ட வடிவினதாயிருக்கும். குழலின்மேற் கொடியும் இலையும் வெட்டிப் பொறிக்கப்பட்டு, பள்ளங்களில் வெள்ளியும் பித்தளையும் பதிக்கப்படும். அக்கொடிக்கோலமே கண்டி நாட்டுக் கோயிற் கதவிலும், சுவரோவியத்திலும், தந்தப் பேழையிலும் காணப்படுவது. கலாயோகி ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூல், அக்கம்மியரின் கோலங்களையும் தொழில்முறைகளையும் அவை மறையுமுன் பதிந்து வைத்தது. நானூற்று இருபத்தைந்து படிகளே அந்நூலின் முதற்பதிப்பில் அச்சிடப்பட்டன. இரும்பிற் பொறித்த கைகளின் மரபைத் தாளிற் பொறித்துக் காத்த பணி அது.

நெம்புத் துவக்கின் அமைப்பு

பழைய துவக்கிற் குழலின் வாய்வழியாக மருந்தையும் குண்டையும் இட்டு, கோலால் இடித்து, ஒருமுறை வெடித்தபின் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். மருந்தும் குண்டும் ஓர் உலோகக் கூட்டினுள் அடங்கிய தோட்டா தோன்றியதும் இந்நிலை மாறிற்று. 1860 இல் பெஞ்சமின் தைலர் ஹென்றி என்பவர் நெம்பினால் இயங்கும் துவக்கு ஒன்றுக்கு அமெரிக்காவில் உரிமை பெற்றார். அவர் பணிபுரிந்த தொழிலகத்தின் தலைவர் ஒலிவர் வின்செஸ்டர். அவர் முன்னர்ச் சட்டை தைத்து விற்கும் வாணிகத்தில் ஈடுபட்டவர். 1866 இல் வின்செஸ்டரின் பெயருடன் முதற்றுவக்கு வெளிவந்தது. அதன் நடுச்சட்டம் செம்புக் கலவையாலானது. ஆதலின் மஞ்சள் நிறத்ததாயிற்று. 1873 இல் வந்த வகையின் சட்டம் முதலில் இரும்பாலும் பின்னர் உருக்காலும் அமைந்தது. அவ்வகையில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டவை ஆக்கப்பட்டன. ஜோன் பிரௌனிங் வகுத்த அமைப்புக்கள் 1886, 1892, 1894 ஆம் ஆண்டுகளின் பெயரால் வழங்குகின்றன.

இதன் இயக்கம் எளிது. குழலின் கீழே, அதற்கு இணையாக, தோட்டாக்களை நிரையாக அடக்கும் நீண்ட குழாய் ஒன்றுண்டு. விசையைச் சூழ்ந்த வளையமே நெம்பாக நீண்டிருக்கும். நெம்பைக் கீழே தள்ளுமிடத்து, 1873 ஆம் ஆண்டு வகையில், இரு இணைப்புத் துண்டுகள் முழங்கால் மடங்குவதுபோல மடங்கும். அடைப்பான் பின்னோக்கி வரும். வெறுங்கூடு வெளியே எறியப்படும். சுத்தியல் பின்சாய்ந்து நிற்கும். புதிய தோட்டா ஒரு பித்தளைக் கட்டையால் மேலே தூக்கப்படும். நெம்பை மீட்டும் மேலே இழுத்தவுடன், அடைப்பான் தோட்டாவைக் குழலினுட் செலுத்தும். மடங்கிய இணைப்பு நிமிர்ந்து, நிமிர்ந்த முழங்கால் பாரந்தாங்குவதுபோல வெடியின் உதைப்பைத் தாங்கும். நெம்பின் ஒரே அசைவில் இத்தனையும் நிகழ்தலே இவ்வமைப்பின் சிறப்பு.

இதன் விளைவை உலகம் 1877 இற் கண்டது. பிளெவ்னா நகரை உஸ்மான் பாஷாவின் தலைமையிற் காத்து நின்ற துருக்கிப் படையினர், வின்செஸ்டர்த் துவக்குகளின் இடையறாச் சூட்டினால் உருசியப் பெரும்படைக்குப் பேரிழப்பை விளைத்தனர். துவக்கு என்னுஞ் சொல்லை உலகுக்கு ஈந்த மொழியினர், கடல்கடந்து புதியவகைத் துவக்கை வாங்கிய வரலாறு இது.

பிரித்தானியப் பேரரசின் நாடுகளிற் பரவிய மார்ட்டினி-ஹென்றி என்பதும் கீழ்நெம்பினால் இயங்குவதே. 1871 இல் அது படைக்கு ஏற்கப்பட்டது. ஆயினும் அது ஒருமுறைக்கு ஒரு தோட்டாவே கொள்வது. அதன் பெயரிலுள்ள ஹென்றி எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் ஹென்றி ஆவார். அமெரிக்க ஹென்றி அல்லர்.

குறிகளின் சாட்சியம்

இத்துவக்குகளின் உடலெங்கும் குறிகள் உள. தொழிலகத்தின் பெயர், உரிமை பெற்ற நாள், வரிசை எண், ஆய்வாளரின் முத்திரை, வாங்கியவரின் பெயரெழுத்து என அவை பலவகைப்படும். ஒரு குறி உள்ளது கூறும்; மற்றொன்று பொய்யுங் கூறும்.

கைபர் கணவாய்ப் பகுதியிலுள்ள தாரா ஆதம் கேல் முதலிய ஊர்களின் கம்மியர், மார்ட்டினி-ஹென்றித் துவக்கைப் பார்த்துக் கையாலேயே படியெடுப்பதில் வல்லவர். துவக்கின் பாகங்களைப் படியெடுத்ததுபோல் முத்திரைகளையும் படியெடுத்தனர். ஆங்கில எழுத்தறியாத கையால் வெட்டப்பட்டமையால் சில எழுத்துக்கள் இடவலமாக மாறி நிற்கும். விக்டோரியா அரசி 1901 இல் மறைந்தபின் வரும் ஆண்டுகள், அவ்வரசியின் முத்திரையின் கீழேயே பொறிக்கப்பட்டிருக்கும். இப்பிழைகளே அத்துவக்கின் உண்மைப் பிறப்பிடத்தைக் காட்டிக்கொடுப்பன. பிழையெனக் கருதி அவற்றைத் தேய்த்துத் திருத்துவார், கம்மியனின் கையொப்பத்தையே அழித்தவராவார்.

குறியிடும் முறை இருவகைத்து. ஒன்று, வலிய அச்சை வைத்து அடித்துப் பதித்தல். மற்றொன்று, கூரிய உளியால் வெட்டிப் பொறித்தல். அடித்துப் பதிக்குமிடத்து உலோகம் அமுங்கி, குறியின் அடியிலும் நெடுந்தூரம் நெரிந்து நிற்கும். ஆதலின் மேற்குறி தேய்ந்தபின்னரும், அமிலக்கரைசலால் அரித்து நோக்கின், நெரிந்த இடம் வேறுவிதமாக அரிபட்டு, மறைந்த எண் மீண்டும் தோன்றுதல் கூடும். குற்றவியல் ஆய்வாளர் இம்முறையையே கையாளுவர். உளியால் வெட்டிய குறிக்கு அத்தகைய ஆழ்ந்த வடு இல்லை. அது தேய்ந்தால் பெரும்பாலும் தேய்ந்ததே. ஆகவே, துவக்கின் அழகிய சித்திரமே அதன் பாகங்கள் யாவற்றினும் எளிதில் அழியத்தக்கது. அழகு செய்ய எடுத்த தேய்தாளே அழகின் முதற்பகை.

செப்பஞ்செய்யும் முறை

இவ்வேலையில் முதற்கடமை சட்டத்தை அறிதல். இலங்கையிற் படைக்கலங்களை வைத்திருப்பது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தால் நெறிப்படுத்தப்பட்டது. உரிமப்பத்திரமின்றித் துவக்கைத் தொடுதலும் தகாது. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், கண்டி உடன்படிக்கை நாளாகிய 1815 மார்ச் 2 ஐ எல்லையாகக் கொண்டு, அதற்கு முற்பட்டவற்றைத் தொல்பொருளென வகுத்தது. அத்தகைய பொருள் கைப்படின் அதனைத் தாமே செப்பஞ்செய்ய முற்படாது, தொல்பொருட்டிணைக்களத்துக்கு அறிவித்தலே முறை. இரண்டாவது கடமை, கருவியினுள் தோட்டாவோ மருந்தோ எஞ்சியில்லை என்பதனை அறிந்தவர் ஒருவரைக் கொண்டு உறுதிசெய்தல். நெம்புத் துவக்கிற் குழலினுள் மட்டுமன்றி, கீழ்க்குழாயினுள்ளும் தோட்டா மறைந்திருக்கும். செப்பஞ்செய்த பழந்துவக்கு காட்சிக்குரியது; மீண்டும் வெடிக்கச் செய்வதற்குரியதன்று.

மூன்றாவது கடமை, ஒன்றையுந் தொடுமுன் உள்ளது உள்ளவாறே பதிந்து வைத்தல். ஒளிப்படம் எடுத்தலோடு, பொறிப்புக்களை மைப்படி எடுத்தலும் வேண்டும். வெட்டிய வரிகளில் மையைத் தேய்த்து, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தின், வரிகளிலுள்ள மை தாளிற் பதியும். கல்வெட்டாய்வாளர் படியெடுத்தலும் இதனோடு ஒத்ததே. நியூயோர்க் நகரிற் பத்தொன்பதாம் நூற்றாண்டில் துவக்குப் பொறித்த நிம்ஷ்க்கே என்பவர், தாம் பொறித்தவற்றுள் மிகப்பலவற்றை இவ்வாறு படியெடுத்து ஏட்டில் ஒட்டி வைத்தார். அவ்வேடு 1965 இல் நூலாக வெளிவந்தது. கையொப்பமில்லாத பழந்துவக்குகள் பலவற்றை அவருடையவென இன்று துணிவதற்கு அவ்வேடே துணை.

துருவை அகற்றும் முறை அடுத்து வருவது. துரு எல்லாம் ஒருதன்மையன அல்ல. செந்நிறத்ததாய்ப் பொடிந்து உதிர்வது இரும்பை மேலும் தின்பது. அதனை அகற்றல் வேண்டும். கருங்கபில நிறத்ததாய் இறுகி ஒட்டியிருப்பது காலத்தின் போர்வை. அதனை விட்டுவைத்தல் வேண்டும். மெல்லிய கனிப்பொருளெண்ணெயில் நாட்கணக்காக ஊறவிட்டு, இரும்பினும் மென்மையான பித்தளை அல்லது செப்புத் தகட்டால் மெல்லச் சுரண்டின், செந்துரு அகலும், கரும்போர்வை நிற்கும். தேங்காயெண்ணெய் நாளடைவிற் பிசுபிசுத்து அழுக்கைப் பற்றுமாதலின் அதனைத் தவிர்த்தல் நன்று. சுழலும் பொறியில் மெருகிடுதலோ பெருந்தவறு. அதனால் விளிம்புகள் மழுங்கும். ஆணித்துளைகள் கிண்ணம்போல் விரியும். எழுத்துக்கள் ஆழமிழந்து மங்கும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் காற்று கடலுப்பு கலந்தது. உப்பிலுள்ள குளோரைட்டு இரும்பின் நுண்துளைகளிற் புகுந்திருக்குமாயின், மேலே எத்துணை எண்ணெய் பூசினும் உள்ளே துருப்பிடித்தல் ஓயாது. தூய நீரில் மீண்டும் மீண்டும் கழுவி, வெப்பத்தால் முற்றாக உலர்த்திய பின்னரே எண்ணெயோ மெழுகோ பூசவேண்டும். கிணற்றுநீர் இதற்கு உதவாது. சுண்ணக்கற் பாறையினின்று ஊறும் நீராதலின், அது காய்ந்த இடமெல்லாம் வெண்படலம் படியும். காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

பழந்துவக்கின் கருநீல நிறம் வண்ணப்பூச்சு அன்று; அது இரும்பின் ஒட்சைட்டே. கட்டுப்படுத்திய முறையில் இரும்பை நுண்மையாகத் துருப்பிடிக்கவைத்து, பின் கொதிநீரில் இட்டால், செந்துரு கரிய காந்த ஒட்சைட்டாக மாறும். மேலே தளர்ந்து நிற்பதை மென்தூரிகையால் துடைத்து, இவ்வாறே பலமுறை செய்யின், ஆழ்ந்த கருநீலம் படியும். துருவைக் கொண்டே துருவைத் தடுக்கும் இம்முறை வேதியியல் மாணவர் கருதத்தக்கது. சட்டங்கள் சிலவற்றிற் காணப்படும் நீலமும் பொன்மஞ்சளும் ஊதாவுங் கலந்த மேகவண்ணம் வேறொரு முறையால் வருவது. எலும்புக்கரியும் மரக்கரியும் நிறைந்த பெட்டியில் இரும்பைச் செஞ்சூடாக்கி, காபன் மேற்றோலில் ஊறியபின், காற்றுக்குமிழ் கலந்த நீரில் திடீரென ஆழ்த்துவதால் மேற்பரப்பு வலிமை பெறும், வண்ணமுந் தோன்றும். இவ்வண்ணம் ஒருமுறை தேய்ந்தால், பழைய சட்டத்தை மீண்டுஞ் சூடாக்கியே பெறவேண்டும். அதனாற் சட்டம் கோணுதலும், வலுவிழத்தலும் நேரும். மங்கிய பழவண்ணம் புதிய ஒளிவண்ணத்தினும் மதிப்புடையது என்பது அறிஞர் துணிபு.

மரத்தண்டைத் தேய்தாளால் உராய்தலும் ஆகாது. மரம் குறுகி, உலோகத்தின் விளிம்பு அதற்கு மேலே துருத்தி நிற்கும். மரத்தில் அமுங்கிய பள்ளத்தின்மேல் ஈரத்துணியை விரித்து, சூடேறிய இரும்பை வைத்தால், நீராவி புகுந்து நார்கள் உப்பிப் பள்ளம் நிரம்பும். பின்னர் ஆளிவிதை எண்ணெயைச் சிறிது சிறிதாக உள்ளங்கையால் தேய்த்து ஊட்டல் போதுமானது.

பொறிக்கும் முறை

பொறிப்போன் கைக்கருவிகள் சில. சதுரமுகமுடைய சிற்றுளி, சிறு சுத்தியல், உளியைத் தீட்டும் எண்ணெய்க்கல், கோலந்தீட்டும் ஊசி, பெருக்காடி ஆகியனவே அவை. உளி காபன் மிகுந்த உருக்காலாகி, நன்கு தோய்ச்சல் பெற்றதாதல் வேண்டும். பொறிப்பவரின் நேரத்திற் பெரும்பகுதி உளியைத் தீட்டுவதிலேயே கழியும். கூர்மழுங்கிய உளி வழுக்கும். வழுக்கிய உளி, நூறு வரிகளின் அழகை ஒரு கோட்டாற் கெடுக்கும்.

முதலில் உலோகத்தின்மேல் வெண்பூச்சுப் பூசி, அதன்மேற் கோலத்தை வரைதல் வேண்டும். கொடியின் முதற்சுருள் வட்டமாக அமைந்தாலன்றி, இலைகள் எவ்வளவு நுண்மையாக வெட்டப்படினும் கோலம் சிறவாது. பின்னர் உளியைத் தாழச் சாய்த்து, சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே செல்ல, உலோகம் நூலிழைபோற் சுருண்டு எழும். உளியை ஒருபுறஞ் சாய்த்தால் வரி அகலும். நிமிர்த்தினால் வரி மெலியும். அகன்றும் மெலிந்தும் செல்லும் வரியே கொடிக்கு உயிர் தருவது. இலைகளுக்கு இடைப்பட்ட நிலத்தை நுண்புள்ளிகளால் நிரப்பின், அது நிழல்போற் பின்னிட்டு, கோலம் முன்னெழுந்து தோன்றும். செருமனியிலிருந்து குடியேறிய உல்ரிச் குடும்பத்தார் வின்செஸ்டர்த் தொழிலகத்திற் பொறித்த மான்களும் காட்டெருமைகளும் இம்முறையால் ஆனவையே.

நல்லூர்ப் பொற்கொல்லரின் நகாசு வேலையை அறிந்தார்க்கு இது முற்றும் புதியதாகத் தோன்றாது. குங்கிலியம், செங்கற்றூள், எண்ணெய் ஆகியவற்றால் ஆன அரக்கின்மேல் தகட்டைப் பதித்து, உளியால் தட்டி உருவம் எழுப்புதல் அவர் முறை. ஆயினும் இரண்டிற்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. நகாசு வேலையில் உலோகம் இடம்பெயரும், ஒன்றும் இழக்கப்படுவதில்லை. பொறித்தலில் உலோகம் வெட்டி நீக்கப்படும், நீக்கியது மீளாது. பொற்கொல்லர் தம் பட்டறையின் தூசியைக் கூட்டி, அரித்து, அதிலுள்ள பொன்னைத் திரும்ப எடுப்பர். இரும்புத்தூசியை எவருங் கூட்டி எடுப்பதில்லை. பழந்துவக்கின் இரும்புத்தூசியிலோ பொன்னினும் அரிய ஒன்று போய்விடுகிறது.

ஆகவே, புதிதாகப் பொறிக்க விரும்புவோர் கொள்ளத்தக்க நெறி தெளிவானது. முதல் நூறு சுருள்களை வெறுந்தகட்டிற் பொறித்துப் பழகுதல் வேண்டும். பழைய பொறிப்பு உள்ள துவக்கின்மேல், அதனை ஆழப்படுத்துவதற்காகவேனும் உளியை வைத்தலாகாது. மங்கிய வரியைப் புதியவன் வெட்டும்போது அது பழையவனுடைய வரியாக இராது. பொறிப்பு ஏதுமில்லாத, வரலாற்றுச் சிறப்பற்ற, வேறொருவர் கையால் முன்னரே மெருகிடப்பட்டுக் கெட்டுப்போன துவக்கே புதிய சித்திரத்துக்கு உரியது. அவ்வாறு பொறித்தவர், தம் பெயரையும் ஆண்டையும் மறைவான ஓரிடத்திற் பொறித்து வைத்தல் கடன். புதியது பழையதென நடித்தல் ஏமாற்றாகும்; புதியது தன் ஆண்டைச் சொல்லி நிற்றல் கலையாகும்.

கண்டிப் பீரங்கி

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இனி விடை காணலாம். ஆம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் நூதனசாலையில் ஒரு சிறிய பீரங்கி நெடுங்காலமாக இருந்தது. வெண்கலக் குழலும், பொன்னும் வெள்ளியும் செம்மணிகளுங் கொண்ட அலங்காரமும் உடையது அது. போரில் வெடித்தற்கன்றி, அரசவைச் சிறப்புக்கென அமைந்தது. அதன் குழலிற் சூரியன், பிறை, சிங்கம் என்னும் கண்டி அரசின் சின்னங்கள் பொறிக்கப்பட்டிருந்தன. லெவ்கே திசாவை என்னும் கண்டிப் பிரதானியின் பெயர் சிங்கள எழுத்தில் வெட்டப்பட்டிருந்தது. 1745 ஆம் ஆண்டளவில் அவ்வலங்காரம் செய்யப்பட்டதென்பர். அக்காலத்திற் கண்டியை ஆண்டவன் சிறீ விசய இராசசிங்கன். மதுரையிலிருந்து வந்த நாயக்கர் வழியினருள் கண்டி அரியணை ஏறிய முதல்வன் அவனே.

1765 இல் ஒல்லாந்தக் கம்பனியின் படை, தேசாதிபதி லுப்பேர்ட் யான் வான் எக்கின் தலைமையிற் கண்டி நகரினுட் புகுந்து அரண்மனையைச் சூறையாடிற்று. பீரங்கி கடல் கடந்தது. அது கொடையாகப் பெற்றதா, கொள்ளையாகக் கவர்ந்ததா என்னும் வினா நெடுங்காலம் தெளிவுறாது கிடந்தது. அண்மைக் காலத்தில் ஒல்லாந்த ஆய்வாளரும் இலங்கை ஆய்வாளரும் ஒருங்குகூடி, பொருளின்மேலுள்ள பொறிப்பையும் பழைய ஆவணங்களையும் ஒப்புநோக்கி, அது கொள்ளைப்பொருளே என்று துணிந்தனர். 2023 ஆம் ஆண்டு யூலையில் ஒல்லாந்த அரசு அதனைத் திருப்பித்தர முடிவு செய்தது. அவ்வாண்டின் இறுதியிற் பீரங்கி இலங்கையை அடைந்தது. அதனுடன் பொன்வாள் ஒன்றும், வெள்ளிவாள் ஒன்றும், கத்தி ஒன்றும், 'மகாதுவக்கு' எனப்படும் பெருந்துவக்கு இரண்டும் மீண்டன. இருநூற்றைம்பத்தெட்டு ஆண்டுகளின் பின் அவை தம் நாட்டு மண்ணை மிதித்தன.

ஆவணம் ஏட்டில் இருந்தது. ஆனால் அவ்வேடு குறிப்பது எப்பொருளை என்பதனைப் பொருளின்மேலுள்ள பொறிப்பே காட்டிற்று. இடைப்பட்ட இரண்டரை நூற்றாண்டில், நன்னோக்கமுடைய பணியாளன் எவனேனும் அக்குழலை மேலும் ஒளிரச்செய்யக் கருதி, அவ்வெழுத்துக்களை மழுங்கத் தேய்த்திருப்பின், பிறைக்கும் பெயருக்கும் பதிலாக வெற்றொளியே எஞ்சியிருக்கும். வழி கேட்டு வந்த உரிமைக்கு வாய்திறந்து விடைசொல்ல ஒன்றும் இராது.

கொலைக்கருவியை ஏன் பேணவேண்டும் என்பதற்கு விடை இதுவே. பேணப்படுவது கொலையன்று, சாட்சியம். ஒரு துவக்கின்மேலுள்ள கீறல், யார் ஆக்கினர், யார் சுமந்தனர், யார் கவர்ந்தனர் என்பதைக் கூறும். அதனைக் கேட்க விரும்புவோர் முதலிற் கற்கவேண்டியது உளியைப் பிடிக்கும் முறையன்று. உளியைக் கீழே வைக்கும் முறையே. கோயிற்றிருப்பணி செய்வோர்க்கும், பழைய விளக்கைப் புளியிட்டுத் துலக்குவோர்க்கும், பாட்டனார் பெட்டியின் பூட்டைச் செப்பஞ்செய்வோர்க்கும் இந்நெறி ஒன்றே. தேய்க்குமுன் படிக்க, படித்ததைப் பதிந்து வைக்க, ஐயமுற்ற இடத்திற் கையை எடுக்க.